கெட்ட செய்தி உங்களிடம் எப்போது வந்து சேர்கிறது?

கேள்வி: 14 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் பொறியாளராகவும் பிறகு பிரிவுத் தலைவராகவும் பணியாற்றிய நான், சென்ற ஆண்டு அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தேன். ஏறத்தாழ 140 பேர் வேலை செய்கிறார்கள். நல்ல தலைவராக வேண்டும் என்பதற்காகக் காலை 5 மணிக்கு எழுகிறேன், நிர்வாக நூல்களைப் படிக்கிறேன், நாளின் வேலைகளைப் பட்டியலிட்டுச் செய்கிறேன். நான் யாரிடமும் கோபப்படுபவனும் அல்ல. ஆனால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகப் போகிறார் என்பது விற்பனைப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அது ஆறு வாரங்கள் கழித்து, அதுவும் வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிய வந்தது. இன்னொரு பக்கம், எந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும் மனம் அமைதியடைவதில்லை. இரவு 9 மணிக்கும் மற்றவர்கள் எழுதிய மின்னஞ்சல்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தலைமைக்குரிய குணம் பிறவியிலேயே அமைய வேண்டுமா? 43 வயதில் அதைப் பழகிக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருந்த விற்பனை மேலாளரை நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நான்கு இருந்தாலும், நான் திரும்பத் திரும்பப் போய் நின்றது அந்த ஆறு வாரங்களில்தான். ஒரு நிறுவனத்தில் நடக்கும் கெடுதல் அதன் தலைவரின் காதுக்கு வந்து சேர எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதைக் கொண்டே அவருடைய தலைமையை அளந்துவிடலாம் என்று 20 ஆண்டுகளுக்கு மேலாக நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிவரும் நான் நம்புகிறேன். விடியற்காலையில் எழுவதும் படிப்பதும் நல்ல பழக்கங்களே, அவற்றைத் தொடருங்கள். ஆனால் அவை நீங்கள் தனியாக இருக்கும்போது செய்பவை. உங்கள் குணம் இன்னது என்று 140 பேர் முடிவு செய்வது, அவர்களில் ஒருவர் உங்கள் எதிரே நின்று நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில்தான். ஆகவே பழக்கத்தை அந்த நிமிடத்தில் நட வேண்டும்.

நீங்கள் கோபப்படுபவர் அல்லர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முழுமையாக நம்புகிறேன். கோபம் இல்லாமலேயே ஒருவர் வாயை அடைத்துவிட முடியும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் ஆலோசகராக இருந்த ஒரு நிறுவனத்தில் வாரந்தோறும் நடக்கும் கூட்டம் அது. கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர், முந்தைய வாரம் அனுப்பிய சரக்குகளில் ஒரு பகுதிக்கு முகவரிச் சீட்டு மாற்றி ஒட்டப்பட்டுவிட்டது என்று தாமாகவே எழுந்து சொன்னார். நிறுவனத் தலைவர் அவரைத் திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கையிலிருந்த பேனாவை மூடி, அதைக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்து, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்றார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மற்றொரு மேற்பார்வையாளர் அவருடைய தோளைத் தொட்டு, "இதையெல்லாம் அங்கே எதற்குச் சொன்னீர்கள்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதன் பிறகு நான் அங்கிருந்த நான்கு மாதங்களில் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட ஒரு தவற்றையும் தாமாகச் சொல்லவில்லை. தலைவரோ, வேலைகள் ஒழுங்காக நடப்பதாக உள்ளபடியே நம்பிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் தம்முடைய பேனா பேசியது அவருக்குத் தெரியாது.

இதே நிலை எவ்வளவு பெரிய நிறுவனத்திலும் வரும். ஆலன் முலாலி 2006இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றபோது, மூத்த அதிகாரிகள் வாரந்தோறும் தங்கள் பணிகளின் நிலையை வண்ணம் இட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். பச்சை என்றால் சரியாகப் போகிறது, மஞ்சள் என்றால் கவனம் தேவை, சிவப்பு என்றால் சிக்கல். அந்த ஆண்டு 1,200 கோடி டாலருக்கும் மேல் இழந்த அந்த நிறுவனத்தில், தொடக்க வாரக் கூட்டங்களில் காட்டப்பட்ட அட்டவணைகள் எல்லாமே பச்சையாக இருந்தன. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, தம் பொறுப்பில் இருந்த ஒரு புதிய கார் வெளியீட்டில் சிக்கல் இருப்பதாகச் சிவப்பைக் காட்டினார். அவருடைய வேலை போய்விடும் என்று அறையில் இருந்தவர்கள் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், முலாலி கைதட்டினார். பிறகு, இதற்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் அட்டவணைகளில் சிவப்பும் மஞ்சளும் தோன்றத் தொடங்கின. நிறுவனத்தில் புதிதாகச் சிக்கல்கள் முளைத்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறைகள் காதுக்கு வராமல் இருப்பதைக் குறைகள் இல்லாமல் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் தவறு மிக இயல்பாக நேர்வது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கிடைத்த விவரங்களோ அந்தக் குழுக்களில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்ததைக் காட்டின. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்த தவற்றை அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். கடந்த மூன்று மாதங்களில் உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் தாமாக முன்வந்து சொன்ன கெட்ட செய்திகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட வரவில்லை என்றால், வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பிறவிக் குணம் என்று ஒன்று இல்லை என நான் சொல்லமாட்டேன். கூச்ச சுபாவம் உள்ளவர் கலகலப்பானவராக மாறிவிடுவதில்லை. ஆனால் தலைமைக்குக் கலகலப்பு தேவையில்லை. செய்தி கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறோம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோமா, தவற்றை நம் தவறு என்று ஒப்புக்கொள்கிறோமா என்பவையே தேவை. இவை அனைத்தும் செயல்கள். செயல்களைப் பழக முடியும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிய வந்தது. அவர்கள் ஆராய்ந்தவை உணவோடு தண்ணீர் குடிப்பது, சற்று நேரம் ஓடுவது போன்ற எளிய பழக்கங்கள். குறை கேட்டு முகம் மாறாமல் இருப்பது அவற்றைவிடக் கடினம் என்பதால், நீங்கள் ஓராண்டை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவதே நியாயம் என்று கருதுகிறேன்.

"இனிமேல் நான் பொறுமையாகக் கேட்பேன்" என்று உறுதி எடுப்பதால் பெரிய பயன் விளையாது. உறுதி காலையில் எடுக்கப்படுகிறது. சோதனை மாலை 4 மணிக்கு, களைத்திருக்கும்போது வருகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து விளக்கிய முறை ஒன்று உண்டு: "இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய்வேன்" என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சிட்டு வைத்துக்கொள்வது. உங்களுக்கு நான் எழுதித் தர விரும்பும் முடிச்சு இது: யாராவது ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால், நான் முதலில் சொல்லும் சொல் "சொன்னதற்கு நன்றி" என்பதாகவும், இரண்டாவது "உங்களுக்கு இப்போது என்னிடமிருந்து என்ன வேண்டும்?" என்பதாகவும் இருக்கும். யார் செய்தார்கள், ஏன் இப்படி ஆயிற்று என்பதெல்லாம் பிறகுதான், கூடுமானால் மறுநாள். வாயால் சொல்லிப் பழக வேண்டும். தொடக்கத்தில் அது மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போல உங்களுக்கே தோன்றும், தோன்றட்டும். எதிரே நிற்பவருக்கு அது அப்படித் தோன்றாது, அவர் உங்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிச் செய்தால் கண்டிப்பு குறைந்துவிடாதா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். வர வேண்டியதும்தான். அலுமினியம் தயாரிக்கும் அல்கோவா நிறுவனத்துக்கு 1987இல் தலைமையேற்ற பால் ஓநீல், தொழிலாளர் பாதுகாப்பே தம் முதல் வேலை என்று அறிவித்து, ஊழியர் எவருக்குக் காயம் பட்டாலும் அந்தச் செய்தி 24 மணி நேரத்துக்குள் தமக்கு வந்தாக வேண்டும் என்று விதித்தார். பல ஆண்டுகள் கழித்து, மெக்சிகோவில் இருந்த ஆலை ஒன்றில் புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டது மேலே தெரிவிக்கப்படவில்லை என்று தெரிந்தபோது, நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றிய ஒரு மூத்த அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். ஆலையில் சிக்கல் அதற்குள் சரிசெய்யப்பட்டிருந்தது, மறைத்ததுதான் குற்றமாயிற்று. கண்டிப்பை வைக்க வேண்டிய இடம் அதுதான். சொன்னவரிடம் மென்மையும் மறைத்தவரிடம் கண்டிப்பும் என்ற கோடு எல்லோருக்கும் தெரியும்படி போடப்பட்டிருக்க வேண்டும். கோட்டைப் போடுவதற்கு முன்பே தண்டிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

வேலையைக் கொடுத்துவிட்டு மனம் அமைதியடையாதது பற்றி எழுதியிருந்தீர்கள். இதுவும் முதல் சிக்கலும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பது என் எண்ணம். உங்களிடம் வரும் ஒவ்வொன்றும் திருத்தப்பட்டே திரும்பும் என்று தெரிந்தவர், முடியாததை மட்டுமன்றி முடிவு செய்ய வேண்டியதையும் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதே நேரத்தில், நீங்கள் திருத்த முடியாத செய்திகளை மென்று விழுங்கிவிடுவார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். பிரிவு ஒன்றின் பொறுப்பில் இருந்தபோது, எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியதும் அவர் சொல்ல வருவது எனக்குப் புரிந்துவிடும். மீதியை நானே சொல்லி முடித்து, விடையையும் தந்துவிடுவேன். அதை வேகம் என்று நம்பினேன். வேலையை விட்டு விலகிய இளைஞர் ஒருவர் விடைபெற வந்தபோது, "உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் சொல்ல வந்ததை ஒருமுறையாவது நானே சொல்லி முடித்திருக்கலாம் என்று இருக்கிறது" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, ஒருவர் பேசி நிறுத்தியதும் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் காத்திருந்து பேசப் பழகினேன். அந்த ஒரு மூச்சில்தான் பெரும்பாலும் உண்மையான செய்தி வெளியே வந்தது.

வேலையைக் கொடுக்கும்போது நான்கு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பிறகு வரும் பதற்றத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்: என்ன கிடைக்க வேண்டும், எப்போதைக்குள், எந்த முடிவுகளை அவரே எடுக்கலாம், எந்தக் கட்டத்தில் உங்களிடம் வர வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலான தலைவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். பிறகு பொறுப்பெடுத்துச் செய்ய ஆளில்லை என்று வருந்துகிறார்கள். திரும்பப் பெறக்கூடிய முடிவுகளை, அதாவது தவறாகப் போனாலும் ஒரு வாரத்தில் மாற்றிவிடக்கூடியவற்றை, துணிந்து அவர்களிடமே விட்டுவிடுங்கள். திரும்பப் பெற முடியாதவற்றில் மட்டும் உங்கள் கை இருக்கட்டும். இரவு 9 மணிக்கு நீங்கள் திருத்தும் மின்னஞ்சல்கள் இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தவை என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த இரண்டு வாரங்களுக்கு அவற்றைத் திறந்து படியுங்கள், ஆனால் எதையும் திருத்தாதீர்கள். எதைத் திருத்தியிருப்பீர்கள் என்று தனியாகக் குறித்து மட்டும் வையுங்கள். குறித்தவற்றில் உண்மையிலேயே தீங்கு விளைவித்தவை எத்தனை என்று இரண்டு வாரங்கள் கழித்துப் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் இதைச் செய்து பார்த்த பலருக்கு, தாங்கள் திருத்தியது பெரும்பாலும் சொல்நடையைத்தான் என்பது தெரிய வந்தது.

சொல் தவறாமை பற்றியும் சில வரிகள் எழுத வேண்டும். பெரிய வாக்குறுதிகளை யாரும் எளிதில் மறப்பதில்லை, சறுக்குவதெல்லாம் சிறியவற்றில்தான். நடைபாதையில் ஒருவர் தம் பணி மாறுதல் பற்றிக் கேட்கிறார், நீங்கள் "பார்க்கிறேன்" என்கிறீர்கள். உங்களுக்கு அது பேச்சை முடிக்கும் சொல். கேட்டவருக்கோ அது வாக்கு. அவர் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார். நீங்கள் தலைவரான நாளிலிருந்து உங்கள் வாயிலிருந்து வரும் "பார்க்கிறேன்" ஒவ்வொன்றும் கடன் என்று கொள்ளுங்கள். ஒரு சிறிய குறிப்பேட்டில் அதைப் பெயரோடும் நாளோடும் எழுதி, வார இறுதியில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். பதில் "முடியாது" என்பதாக இருந்தாலும் சொல்லுங்கள். முடியாது என்று கேட்டவர் வருந்துவார், ஆனால் பதிலே வராதவர் நம்பிக்கை இழப்பார். அதே குறிப்பேட்டின் பின்பக்கத்தில், முக்கியமான முடிவு எதையும் எடுக்கும் அன்றே, ஏன் அதை எடுத்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதங்கள் கழித்துப் படிக்கும்போது, எந்த வகை முடிவுகளில் உங்கள் கணிப்பு வழக்கமாகத் தவறுகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். நினைவு நமக்குச் சாதகமாகக் கதையை மாற்றிவிடும், தாள் மாற்றாது.

ஒன்றைச் செய்யாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரையும் கூட்டி, "என் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும், எதையும் தயங்காமல் சொல்லலாம்" என்று அறிவிக்க வேண்டாம். அந்தக் கதவு வரை நடந்து வரும் சுமையை அவர்கள் தலையில் வைப்பதாகவே அது முடியும். நீங்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். வாரத்தில் இரண்டு முறை, குறித்த நேரத்தில், அரை மணி நேரம் போதும். "எல்லாம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் உங்கள் வேலையில் எது இரண்டாவது முறை செய்ய வேண்டி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும். முதல் சில வாரங்களில் அற்பமான குறைகளே வரும். உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பொருள். அந்த அற்பக் குறையை நீங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதைப் பார்த்த பிறகே அடுத்தது வரும்.

விற்பனை மேலாளர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரைத் தண்டிக்க வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. மறைத்தல் குற்றம் என்ற கோடு உங்கள் நிறுவனத்தில் இதுவரை போடப்படவில்லை. ஒரு பிரிவே ஆறு வாரங்கள் வாயைத் திறக்கவில்லை என்னும்போது காரணத்தை ஓர் ஆளிடம் தேடுவதும் சரியாகாது. இந்த வாரத்திலேயே அவரைத் தனியாகச் சந்தியுங்கள். உங்கள் அறையில் வேண்டாம். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். "இது உங்களுக்கு முதலில் தெரிந்த அன்று என்னிடம் சொல்ல நினைத்திருந்தால், எது உங்களைத் தயங்க வைத்திருக்கும்?" என்று கேளுங்கள். அவர் முதலில் சொல்லும் காரணம் நேரமின்மை, உறுதியாகத் தெரியாமை என்று மரியாதைக்குச் சொல்வதாக இருக்கும். மறுத்துப் பேசாமல், அந்த ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, "வேறு ஏதாவது?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவதாக வருவது பெரும்பாலும் உங்களைப் பற்றியதாக இருக்கும். ஒருவேளை, முன்பு எப்போதோ அவர் கொண்டுவந்த ஒரு செய்தியை நீங்கள் வாங்கிக்கொண்ட விதம் பற்றியதாக இருக்கும். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதில் உங்களால் உடனே மாற்றக்கூடிய ஒன்றை ஒரு வாரத்துக்குள் மாற்றிவிட்டு, மாற்றியிருக்கிறேன் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்கடுத்த கெட்ட செய்தி அவரிடமிருந்து உங்களுக்கு எத்தனை நாட்களில் வந்தது என்பதைக் குறித்து வைத்து, எனக்கும் எழுதுங்கள்.